ஊசியைப் பாதியில் எடுக்கக் கூடாது

“மூச்ச இழு... பிடிச்சுக்கோ... ம், விடு.”

‘விடு’ என்கிற சொல்லோடு அக்காவின் விரல் நகரும். ஊசி ரெக்கார்டின் விளிம்பில் இறங்கும். முதலில் கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் கிட்டார்கள் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வரும். வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் நான் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் துள்ளுவேன். அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல், வெள்ளைத் தொப்பியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருவாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சர்ச்சில் ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அந்த மூன்று கட்டளைகளும் எக்ஸ்ரே அறையில் சொல்கிறவை. அக்கா தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நோயாளிகளைப் படம் எடுக்கக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் அந்த வார்த்தைகள் வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. எனக்கு அதைக் கேட்டாலே பயம். காரணம் வேறு. மெட்ராஸ் பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டி வண்டி அந்த ஆஸ்பத்திரி இருக்கிற சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போது பாதிப் பேர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அரட்டை அப்படியே நிற்கும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே வண்டி நின்றதும் மூச்சைப் பிடிப்போம். நகர்ந்த பிறகுதான் விடுவோம். விளையாட்டு என்று பெயர். ஆனால் ஒருநாள் சிக்னல் விழாமல் வண்டி அங்கேயே நின்றுவிட, பிடிக்க முடியாமல் நான் ஒரு வாய்க் காற்றை இழுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று இருமிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அப்பா அதே ஸ்டேஷனுக்குப் பின்புறம் வாடகைக்கு வீடு பிடித்தார். எத்தனை நேரம்தான் மூச்சைப் பிடிப்பது?

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை; அவளை நான் கண்டுபிடித்தது காதால்தான். காலேஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி, பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாயின் வீட்டு மாடியிலிருந்து அந்தச் சத்தம். இரும்புக் கடையில் இடி விழுந்த மாதிரி. நானோ புதிதாக எது கேட்டாலும் பின்னாலேயே போகிற ரகம். மாடிப்படியின் கீழே பாயின் வீட்டுக்காரம்மா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேலயா போற? போ, போ. அந்தம்மா பேய ஓட்டுதா, கூப்புடுதான்னு பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு. ஒட்டடக் கம்பால கூரைய இடிச்சி இடிச்சி எனக்குத் தோள்பட்டையே போச்சு.”

மேலே கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா என்னை யார், எவர் என்று கேட்கவில்லை.

“பயமா இருக்கா?”

“ஆமா.”

“அப்ப உட்காரு. பயமா இல்லன்னு சொல்றவங்கள நான் உள்ள விடறதில்ல.”

உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் உட்கார்ந்தேன்.

அக்காவின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் தங்கைக்கு ரெக்கார்டு வாங்கி வருவார். “கடையில இருக்கறதுலயே யாருக்கும் பிடிக்காததைக் குடு” என்று கேட்டு வாங்குவாராம். அட்டைகளில் இங்கிலீஷில் வளைத்து வளைத்து என்னென்னவோ பெயர் எழுதியிருக்கும். அக்கா எதையும் அந்தப் பெயரால் சொல்லமாட்டாள். அட்டையைப் பார்த்து ஒரு பெயர் வைப்பாள். ரயில் சுரங்கப் படம் போட்டிருந்தது ‘சுரங்கம்’. பழுப்பாக, துருப்பிடித்த தகடு மாதிரி இருந்தது ‘துரு’. ஒரு மனுஷன் வாயைத் திறந்துகொண்டு நிற்பது ‘பல்லு’. இந்த மாதிரிப் பாட்டுக்கு ஹெவி மெட்டல் என்று பெயர் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்து ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா யோசித்தாள். “கன உலோகமா? எக்ஸ்ரே ரூம்ல ஈயத்துல ஒரு ஏப்ரன் மாட்டிப்பாங்க பாரு, அதுவும் அதுதான். போட்டுக்கிட்டா நிக்க முடியாது. ஆனா ஒண்ணும் உள்ள வராது.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். ஊசியை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடிகிறவரை எடுக்கக் கூடாது. தபால்காரர் வந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி. ஒருதடவை தாம்பரத்திலிருந்து ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரிப் பறந்து, அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. நான் எழுந்தேன். “உட்காரு! அவன் பயந்து கத்திக்கிட்டு இருக்கான், நடுவுல விட்டுட்டா போவ?” என்றாள். அவன் என்றது பாடுகிறவனை.

எதற்கு இந்தப் பாட்டு பிடிக்கிறது என்று கேட்டதற்கு ஒருநாள் பதில் சொன்னாள். “வார்டுல எல்லாரும் சத்தமில்லாமதான் பயப்படறாங்க. போர்வைக்குள்ள, சுவரைப் பாத்துக்கிட்டு. எனக்கு அது தாங்கல. இவன் ஒருத்தன்தான் வாயைத் திறந்து பயப்படறான்.”

சாயங்காலம் எங்கள் பகுதியில் வோல்டேஜ் இறங்கும். பல்பு சிவந்து, ரெக்கார்டு மெதுவாகும். பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள் போய் விழும். டிரம் யாரோ படியேறி வருகிற மாதிரி நிதானமாக விழும். முதல்தடவை கேட்டபோது நான் செருப்பைக்கூட மாட்டாமல் பாதிப்படி இறங்கிவிட்டேன். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். “இன்னாடி, வந்துடுச்சா?” மேலேயிருந்து அக்கா கத்தினாள்: “ஏய் வாலு, வா மேல! இதுதான் இதோட சரியான ஸ்பீடு!”

ரெக்கார்டு விஷயத்தில்தான் அந்தத் தைரியம். மற்றபடி பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாள். பயந்தால் மட்டும் அவளுக்குத் திருநெல்வேலிப் பேச்சு வரும். “ஏட்டி, வெரட்டுட்டி அத!” என்பாள். பல்லி போன பிறகு நிமிஷத்தில் மெட்ராஸ் பேச்சுக்குத் திரும்பிவிடுவாள்.

டிசம்பர் வந்தால் தேர்வு. கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு டியூட்டி சீக்கிரம் முடிகிற ஒரு மத்தியானம், அந்த வருஷம் வந்த ரெக்கார்டுகளில் சிறந்த ஐந்தை அறிவிப்பாள். ஐந்தாம் இடத்தில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் போட்டு முதலிடத்துக்கு வருவாள். மீந்த கேக்கு, என் வீட்டிலிருந்து முறுக்கு. தீர்ப்பெல்லாம் வார்டு பாஷையில் இருக்கும். “இதுக்கு சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் ஏறுது.” “இது நடிக்குது, டிஸ்சார்ஜ் பண்ணு.” முதல் வருஷம் ‘பல்லு’ முதலிடம் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு டொக் டொக்கென்று இடித்தது. “பாரு, நடுவரே ஒத்துக்கிட்டாங்க” என்றாள்.

அம்மாவுக்கு நான் அங்கே போவது பிடிக்கவில்லை. “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நாளெல்லாம் எங்க நின்னுட்டு வருது? துணியில, மூச்சுல ஒட்டிக்கிட்டு வரும். உனக்குக் கல்யாணம் ஆகணுமா வேண்டாமா?” நான் சண்டை போட்டேன். அறிவியல் பேசினேன். ஆனால் தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் போய் இருமிப் பார்த்தேன். அக்காவுக்கு இது தெரிந்தே இருந்தது. ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷின் இருந்தது இல்லையா, காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்து வருமே, அதில் என்னைப் பிடித்து நிறுத்துவாள். அட்டையைப் படித்துக் காட்டுவாள். “ஏறித்தான் இருக்க. எடை ஏறுதுன்னா ஒண்ணுமில்ல. ‘தாங்கள் எல்லோராலும் விரும்பப்படுவீர்கள்’னு வேற போட்டிருக்கு. போய் அம்மாகிட்ட காட்டு.” அப்புறம் தானும் ஏறுவாள்.

தெருவில் யார் இருமினாலும் அவர்களை விடமாட்டாள். பூக்காரியை, தண்ணி லாரிக்காரனை, ஒருதடவை எங்கள் அப்பாவையே. “மூணு வாரத்துக்கு மேல இருமினா படம் எடுத்துடணும் சார். பயந்துக்கிட்டு வீட்ல உட்காரக் கூடாது.” அப்பா போய் எடுத்தார். ஒன்றும் இல்லை. அன்று அவர் வாங்கி வந்த அல்வாவில் பாதி மாடிக்குப் போனது.

இரண்டாவது வருஷம் ‘சுரங்கம்’ வந்தது. வெயில் காலம். அந்த ரெக்கார்டின் முதல் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். முடிந்தது என்று நினைப்போம். முடிந்திருக்காது. இருட்டில் யாரோ நம் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு மௌனம். பிறகு மிக மெல்ல ஒரே ஒரு கிட்டார் கம்பி. அக்கா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி” என்றாள். “இந்த வருஷம் வேற எது வந்தாலும் இதுதான். எழுதி வச்சுக்கோ.”

மழைக்காலம் தொடங்கியதும் ‘துரு’ வந்தது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லை. ஒன்றின் வாலில் அடுத்தது தொங்கிக்கொண்டு தொடர்ந்து தடதடக்கும். “தகர டப்பா” என்று அன்றைக்கே அக்கா தள்ளிவைத்துவிட்டாள்.

ஆனால் டிசம்பர் மத்தியானம் ‘துரு’வைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “முதலிடம்” என்றாள்.

“என்னக்கா விளையாடறீங்களா? ‘சுரங்கம்’ எங்க?”

“இல்ல.”

“இல்லன்னா? ரெண்டாமிடமா?”

“அஞ்சுலயே இல்ல.”

“தகர டப்பான்னு சொன்னது யாரு? நானா? நீங்க எழுதி வச்சுக்கோன்னீங்க!”

“நடுவுல ஓஞ்சு போகுதே அது. எனக்குப் பிடிக்கல. மனசு மாறக் கூடாதா? பெரிய ஜட்ஜு வந்துட்டா. மூச்ச இழு.”

நான் இழுக்கவில்லை. கோபம். அவள் ‘பிடிச்சுக்கோ’ சொல்லாமலேயே ஊசியை இறக்கிவிட்டு, வால்யூம் திருகை அதுவரை வைக்காத அளவுக்குத் திருப்பினாள். ஜன்னல் கம்பி நடுங்கியது. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் வழக்கை வளர்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் இடத்தில் என்ன போட்டாள்? நிற்காமல் ஓடுகிற ஒன்று. நான்காவதும் அப்படித்தான். மூன்றாவதில் பாட்டுகளுக்கு நடுவே கூட்டத்தின் கூச்சல் பதிவாகியிருக்கும். இரண்டாவதும் ஓயாது. இது என்ன தேர்வு? மௌனம் வருகிற ரெக்கார்டு ஒன்றுகூட இல்லை.

மௌனம் வருகிற ரெக்கார்டு ஒன்றுகூட இல்லை.

முறுக்கு வாயிலேயே நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பக்கம் முடிந்ததும் அக்கா டீ போடுகிறேன் என்று எழுந்து போய்ப் பம்ப் ஸ்டவ்வைச் சரசரவென்று அடிப்பது. டீ கொண்டுவராமலே திரும்புவது. எடை மிஷினைக் கண்டால் “அது பொய் சொல்ற மிஷின்” என்று பிளாட்பாரத்தின் அந்தக் கோடியால் சுற்றிப் போவது. கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கைப் பக்கம் போய் நிற்பது. சாயங்காலமானால் கன்னத்தில் ஒரு சிவப்பு; நன்றாக இருக்கிறதே என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் உறைத்தது. மழைக்காலத்திலிருந்து கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு இடிக்கவே இல்லை.

அவளைப் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தொப்பி மடியில் இல்லை. வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. தாளத்துக்கு அல்ல. தாளம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எவ்வளவு பயம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் அவளுக்காகக்கூட இல்லை. அந்த அறை, மூடின ஜன்னல், இத்தனை மாதம் நான் இழுத்த காற்று! எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்து முடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னது. பக்கம் முடிந்தால் ஸ்டவ் அடிக்கப் போய்விடுவாள். அப்புறம் புது வருஷம். அப்புறம் இன்னும் சத்தமான ரெக்கார்டுகள்.

போய் ஊசியை எடுத்தேன்.

எடுக்கத் தெரியாமல் எடுத்ததால் ரெக்கார்டில் ஒரு கீறல் சத்தம், துணி கிழிகிற மாதிரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்டே இராத அமைதி. அதன் நடுவில் அக்கா இருமினாள். நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. அடியிலிருந்து வந்தது.

“ஏட்டி, என்னட்டி செஞ்ச?” என்றாள், மூச்சு வந்ததும். “போடுட்டி. திரும்பப் போடு அத.”

கீழேயிருந்து குரல். “இன்னா ஆச்சு? கரண்டு போச்சா?” வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிட்டார். வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும், ஊசி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டையும் பார்த்தார்.

“நிறுத்திட்டியா? நல்லதா போச்சு. எனக்குத் தைரியம் வரல.” முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். வெற்றிலையைத்தான் துடைத்துக்கொண்டார். “ராத்திரில மேல இருமிக்கினே இருக்கற சத்தம் எனக்குக் கேக்கும். எங்க வூட்டுக்காரருக்குக் கேட்டா வேற வூடு பாருன்னுடுவாரு. அதான் பாட்ட வைக்கட்டும்னு கம்ப ஓரமா போட்டுட்டேன். நானும் பயந்துகினுதாம்மா கெடந்தேன்.”

“எத்தனை நாளாக்கா?” என்றேன்.

“அது வெறும் இருமல்.”

“மூணு வாரத்துக்கு மேல இருமினா...”

“தெரியும்ட்டி! எல்லாருக்கும் சொல்லுததே நான்தானே!” தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “படம் எடுக்காதவரைக்கும் வெறும் இருமல். எடுத்துட்டா அதுக்குப் பேர் வந்துரும். மருந்து இருக்குன்னு தெரியும். ஊசி போடுத கை என் கைதான். ஆனா மருந்துக்குக் கேக்காத ஆளுகளையும் நான்தான பாக்கேன்? அவங்க பக்கத்துக் கட்டில்ல நான் போய்ப் படுக்கணும். அந்த வார்டுல. சுவரைப் பாத்துக்கிட்டு. சத்தமில்லாம.”

வீட்டுக்காரம்மா போய் அவள் பக்கத்தில், நெருக்கமாகவே உட்கார்ந்தார். “சத்தமில்லாம எதுக்கு இருக்கணும்? நீ எந்நாளு சத்தமில்லாம இருந்த? காலைல நான் வரேன். இந்தப் பொண்ணும் வரும். இன்னாடி, வருவ இல்ல?”

“வருவேன்” என்றேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோய் மருந்துக்குக் கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எனக்கும் படம் எடுத்தார்கள், கீழ் வீட்டில் எல்லோருக்கும் எடுத்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. பாய் வேறு வீடு பார்க்கத்தான் சொன்னார். வீட்டுக்காரம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினார்; பாய் சொன்னதை வாபஸ் வாங்கினார். அடுத்த டிசம்பரில் நான் வார்டுக்குப் போனபோது அக்காவின் கன்னம் நிரம்பியிருந்தது. “இந்த வருஷம் ஒரு ரெக்கார்டும் கேக்கல. அதனால போன வருஷத்துத் தீர்ப்பைத் திருத்தறேன்” என்றாள். “முதலிடம் ‘சுரங்கம்’. அந்த ஓயற இடம் இருக்கு பாரு, ராத்திரி முழிப்பு வந்தா அதைத்தான் நினைச்சுப்பேன்.” பிறகு குணமாகி, வேலையை மாற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டாள். ‘துரு’ என்னிடம் இருக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் இப்போதும் ஊசி தாவுகிறது.

எனக்கு அவள் என்றால் நினைவுக்கு வருவது இதெல்லாம் இல்லை. ஊசியை எடுத்த மறுநாள் காலைதான்.

எக்ஸ்ரே அறை வாசலில் மர பெஞ்சு. படம் எடுக்கிறவர் வெளியே வந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “வாங்க சிஸ்டர், யாருக்கு?” அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாராவது நோயாளி நிற்கிறார்களா என்பது போல. பிறகு, “எனக்குத்தான்” என்றாள். அவர் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

கதவு மூடியது. வீட்டுக்காரம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது செய்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே குரல் கேட்டது. “மூச்ச இழுங்க சிஸ்டர்... பிடிச்சுக்கோங்க...”

இருமல்.

“பரவால்ல, பரவால்ல. இன்னொருதரம். இழுங்க... பிடிச்சு...”

இருமல். அதற்கு நடுவே மெல்ல, “முடியல, பயமா இருக்கு. சத்தமே இல்லயே இங்கன” என்று அக்காவின் குரல், ஊர்ப் பேச்சில் பாதி, அழுகையில் பாதி.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. குனிந்து பெஞ்சில் இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தேன். ‘துரு’வின் முதல் பாட்டு. தடதடவென்று, ஓயாமல், தகர டப்பா மாதிரியே. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ, “ஏம்மா, இது ஆஸ்பத்திரி!” என்றார்கள். வீட்டுக்காரம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து அவருக்கும் எனக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

“இழுங்க சிஸ்டர்” என்றது உள்ளே குரல். “பிடிச்சுக்கோங்க...”

கை வலித்தது. தட்டினேன். உள்ளே இருமல் வரவில்லை. இன்னும் வரவில்லை.

“விடுங்க” என்றார் அவர்.

என் கை நிற்கவில்லை. ‘துரு’வின் அந்தப் பக்கம் முடிய இன்னும் இருந்தது.